பன்னிரண்டாவது பெயர்

துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் ஒருவர் முப்பத்தாறு வருஷம் கூட்டக் குறிப்பு எழுதினார். இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவர் ஐம்பத்தெட்டில் வெளியே வந்தார். அங்கே எல்லாரும் அவரை ரைட்டர் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவிகூடப் பக்கத்து வீட்டில் பேசும்போது, "எங்க ரைட்டர் இன்னும் சாப்பிடலை, வர்றேன்" என்றுதான் சொல்லிவிட்டு எழுந்திருப்பாள்.

அவர் எழுதிய குறிப்பு நோட்டுகள் மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் இருநூறு பக்கம். பக்க எண் சிவப்பு மையில், மற்றதெல்லாம் நீல மையில். அடித்தல் திருத்தல் என்ற பேச்சே கிடையாது. அவர் எழுதுவதைப் பார்க்கிறவர்கள், "ரைட்டரே, இது கையா அச்சு மிஷினா?" என்று கேட்பார்கள். அவர் தலையை நிமிர்த்தாமல் சிரிப்பார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கும்.

வருகைப் பதிவுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். நிர்வாகக் குழுவுக்கு வந்தவர்களின் பெயர்களை வந்த வரிசைப்படி எண் போட்டு எழுதுவார். தாமதமாக வருகிறவர்களுக்காகக் கீழே இரண்டு வரி காலியாக விடுவார். கூட்டம் முடிந்ததும் அந்தக் காலி வரிகளின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தம் சுருக்கொப்பத்தைப் போடுவார். அதற்கப்புறம் கடவுளே வந்து நின்றாலும் அந்தப் பக்கத்தில் அவருக்கு இடமில்லை. முப்பத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தக் கோட்டை இழுக்காமல் விட்டார்.

சங்கத் தலைவரை அண்ணன் என்பார்கள். அவரைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவர் அண்ணன்தான். சுமை தூக்கி மேலே வந்தவர். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், கடைசி ஆளாகத் திரும்புவார். அவருக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்கள் சங்கத்து ஆட்கள் இல்லை, கிடங்குக்காரரின் ஆட்கள். கிடங்குக்காரர் துறைமுக வாசலுக்கு வெளியே பெரிய கிடங்கு ஒன்று வைத்திருந்தார். சூதாட்டம், கடத்தல் சரக்கு, ஆள் வைத்து அடிப்பது, இவைதான் அவர் தொழில் என்று ஊருக்கே தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியாது. தினமும் காலை ஆறு மணிக்கு அன்றைய வேலைக்கு யார் யார் என்று பெயர் கூப்பிடுவார்கள். பட்டியலைப் படிப்பவர் அண்ணன். அதில் யார் பெயர் இருக்க வேண்டும், யார் பெயர் விடுபட வேண்டும் என்று முடிவு செய்பவர் கிடங்குக்காரர்.

இது ரைட்டருக்கும் தெரியும். ஆனால் குறிப்பில் ஏறாத எதற்கும் தாம் பொறுப்பில்லை என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்தார்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயதானபோது, மூன்றாம் கப்பல்துறையில் கிரேன் ஓட்டியவர் ஒருநாள் மத்தியானம் நாலாய் மடித்த தாள் ஒன்றோடு அவரிடம் வந்தார். கிரேன்காரர் வாயாடி, நல்ல மனுஷன். நாற்பது நாள் கூப்பிட்ட பெயர்களைத் தம் கையாலேயே குறித்து வைத்திருந்தார்.

"ரைட்டரே, வரிசைப்படி கூப்பிடணும்னு விதி இருக்கா இல்லையா?"

"ஒன்பதாம் விதி."

"இந்த நாப்பது நாள்ல முப்பத்தாறு நாள் வரிசை மாறியிருக்கு. பொதுக்குழுவுல எந்திரிச்சுக் கேக்கப் போறேன். நான் எழுதினது சரியான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. உங்க கண்ணுல பட்டா தப்புத் தானா ஓடிடும்."

ரைட்டர் அலுவலகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் இடத்தில் தேதி மாறியிருந்தது, திருத்திக் கொடுத்தார். மற்றதெல்லாம் சரி. கிரேன்காரர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்கவும் செய்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பி கேட்டது நியாயம். பார்த்துச் செய்வோம்" என்றார்.

ஒன்பது நாள் கழித்துப் பார்த்துச் செய்தார்கள். மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவில், எடைமேடைக்குப் பின்னால் இருந்த சந்தில், இரும்புக் கம்பியால். வலது முழங்கால் சில்லு உடைந்தது. இடது தோள் இறங்கிவிட்டது. முகத்தில் பதினான்கு தையல். நாலு நாள் கழித்து நினைவு திரும்பியதும் கிரேன்காரர் போலீசிடம் ஒரே மாதிரி மூன்று தடவை சொன்னார்: அடித்தது மூன்று பேர். நாலாவதாக அண்ணன் நின்றிருந்தார். எல்லாம் முடிந்ததும் குனிந்து, கிரேன்காரரின் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தூக்கி, "வரிசை இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டார்.

அதே மாலை ஆறரைக்கு நிர்வாகக் குழுக் கூட்டம். அண்ணன் வரவில்லை. துணைத்தலைவர் தலைமை வகித்தார். வந்தவர்கள் பதினொரு பேர். ஓய்வுக் கொட்டகைக்குக் கூரை மாற்றுவது பற்றி ஏழு இருபதுக்கு ஓட்டெடுப்பு நடந்தது. துணைத்தலைவருக்கு என்ன அவசரமோ, ஏழே முக்காலுக்கே எழுந்து போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள். ரைட்டர் மட்டும் தனியாக உட்கார்ந்து குறிப்பைச் சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தார். குறுக்குக் கோடு இன்னும் இழுக்கவில்லை.

எட்டு பத்துக்கு அண்ணன் வந்தார். அன்று அந்த அறையில் நடந்ததில், பின்னாளில் ரைட்டர் பிறரிடம் முதலில் ஒப்புக்கொண்டது பேச்சை மட்டும்தான். அந்தப் பேச்சு இது:

"ரைட்டரே, நான் இன்னிக்குக் கூட்டத்துக்கு வந்தேன்ல?"

ரைட்டர் வருகைப் பட்டியலைப் பார்த்தார்.

"ஆறு நாப்பது இருக்கும். வந்தேன்ல?"

"அண்ணே, நீங்க வந்தா நீங்கதானே தலைமை. துணைத்தலைவர் பேரைப் போட்டுட்டேனே."

"அதுக்கு என்ன பண்ணலாம்? உங்களுக்குத் தெரியாததா?"

ரைட்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததுதான் பிற்பாடு அவரை அதிகமாக அரித்தது. யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு கணக்கை நேர்செய்வது போலத்தான் யோசித்தார். பிறகு, "தலைவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் துணைத்தலைவரே தொடர்ந்து நடத்தினார்னு எழுதலாம்" என்றார்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "தொண்டை கட்டியிருந்ததா? நல்லா இருக்கே."

காலி வரியில் பன்னிரண்டு என்று எண் போட்டு, அண்ணன் பெயரை எழுதி, "மாலை 6.40க்கு வந்து சேர்ந்தார்" என்று முடித்தார். அச்சு மிஷின் மாதிரிதான் இருந்தது. அடுத்த ஒரு வாரம் அண்ணன் கொளுத்துகிற வெயிலில் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு திரிந்தார், யாராவது பேசினால் சைகையில் பதில் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நோட்டைத் திறந்தபோதுதான் ரைட்டர் அதைக் கவனித்தார். ஓட்டெடுப்பு வரியில், "ஆதரவு ஏழு, எதிர்ப்பு மூன்று, நடுநிலை ஒன்று" என்று இருந்தது. கூட்டினால் பதினொன்று. பதினாலாம் விதிப்படி தலைமை வகிப்பவர் உட்பட அறையில் இருக்கிற ஒவ்வொருவரின் ஓட்டும் கணக்கில் வர வேண்டும். ஆறு நாற்பதுக்கே வந்து உட்கார்ந்துவிட்டவரின் ஓட்டு எங்கே? அவர் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

அக்டோபரில் வழக்கு வந்தது. அன்று அண்ணன் கூட்டத்தில்தான் இருந்தார் என்று குழு உறுப்பினர்கள் மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களை நீதிபதி அவ்வளவாக நம்பவில்லை. பிறகு ரைட்டர் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, அந்தப் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து உரக்கப் படித்தார். "ஏழு, மூன்று, ஒன்று" என்று வந்தபோது அவருக்கு முதுகு வேர்த்தது. யாரும் கூட்டியதாகத் தெரியவில்லை. கிரேன்காரர் முன்வரிசையில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ரைட்டர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

தீர்ப்பில் நீதிபதி இப்படி எழுதினார்: "இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு அடித்தல்கூட இல்லாத இந்தக் குறிப்பேட்டை நம்ப முடியாதென்றால், எந்த ஆவணத்தையும் நம்ப முடியாது." அண்ணன் விடுதலையானார். அந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ரைட்டரின் மேசைக்கு மேலே சுவரில் மாட்டச் சொன்னார். ஓய்வு பெறும்வரை ரைட்டர் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து வேலை பார்த்தார். வருகிறவர்கள் முதலில் சட்டத்தைப் படிப்பார்கள், அப்புறம் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் மரியாதையாக. சிலர் வேறு மாதிரி.

கிரேன்காரரின் வேலை அட்டையைச் சங்கம் திருப்பி வாங்கிக்கொண்டது. தலைவர் மேல் பொய்ப்புகார் கொடுத்ததாகக் காரணம் சொன்னார்கள். அந்தத் தீர்மானத்தையும் ரைட்டர்தான் எழுதினார். கிரேன்காரர் தெருமுனையில் பூட்டு, சாவி, குடை பழுதுபார்க்கும் சின்னக் கடை போட்டார். ரைட்டர் வீட்டிலிருந்து மூன்று தெரு. ரைட்டர் வீட்டில் குடை உடைந்தால் புதுக்குடை வாங்கினார்கள்.

"பழுது பார்த்தா போதும்கிறேன், கேக்க மாட்டேங்கிறீங்க. வீட்டுல ஒன்பது குடை இருக்கு. கடை வைக்கலாம்" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவள், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நாலு வருஷம் கழித்து அண்ணன் மேல் இரண்டாவது வழக்கு வந்தது. சரக்குக் களவு, மிரட்டல். சாட்சிகள் மூன்று பேர். ஒருவருக்கு விசாரணைக்கு முதல் நாள் மயக்கம் வந்தது. ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போய்விட்டார். மூன்றாமவருக்குக் கூண்டில் ஏறியதும் தம் சொந்த முகவரியே மறந்துபோயிற்று. அந்த வழக்கும் கலைந்தது. அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ரைட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தம்மால்தான் இது என்று அன்று முதல் தடவையாகத் தெளிவாக நினைத்தார். முதல் வழக்கில் அந்த மனுஷன் உள்ளே போயிருந்தால் இரண்டாவது வழக்குக்கே வேலை இருந்திருக்காது. நினைத்துவிட்டு மேசைக்குத் திரும்பி, தேதி போட்டு எழுத ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷம் மூன்றாவது வழக்கு ஆரம்பமானது. இந்தத் தடவை அண்ணனையும் கிடங்குக்காரரையும் சேர்த்துப் பிடித்தார்கள். பயமுறுத்திச் சங்கத்தை நடத்தியதாக ஒன்பது குற்றச்சாட்டுகள். ஐந்தாவது, பழைய வழக்கில் பொய்ச் சாட்சி ஏற்பாடு செய்தது. அரசு வக்கீல் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. ரைட்டருக்கு அப்போது அறுபது. அந்த அம்மா அவரைத் தம் அறைக்கு வரச் சொன்னார். மேசையில் முப்பத்தொரு நோட்டுகளும் அடுக்கி இருந்தன.

"உட்காருங்க ஐயா. ரெண்டு மாசமா உங்க கையெழுத்தைத்தான் படிக்கிறேன். என் வீட்டுக்காரர் கையெழுத்தைவிட உங்களோடது எனக்கு நல்லாத் தெரியும்." ஒரு நோட்டை எடுத்து அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திருப்பினார். "இதுல இருக்கற ஓட்டெடுப்பு எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு வருஷத்துல ஒரு இடத்துல மட்டும்தான் தலைக்கணக்கு உதைக்குது."

பதினோரு வருஷமாக இந்த நாளை நினைத்துப் பயந்திருந்தவருக்கு, பல்லைப் பிடுங்கிப் போட்டது போல இருந்தது. "நாலாவது தீர்மானம், கொட்டகைக் கூரை" என்றார்.

"ஆமா. கோர்ட்டுல சொல்வீங்களா?"

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றார். அறுபது வயதில் அப்படிச் சொன்னது அவர் காதுக்கே கேவலமாகக் கேட்டது.

வீட்டில் கேட்பதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை பார்த்தார். மகளும் அவரும் பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அன்று மாலை ரைட்டர் சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? அந்த வெயில்ல அந்த ஆளு மப்ளர் சுத்திக்கிட்டுப் பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வந்தப்பவே எனக்குத் தெரியும். நீங்க தொண்டையைப் பத்திக் கேக்கவே இல்லை. ஊரே கேட்டுது, நீங்க மட்டும் கேக்கலை."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். "மாமா, எனக்கு நிரந்தர அட்டை வந்தது என்னிக்கு?"

ரைட்டர் தேதி மறக்கிறவர் இல்லை. "நவம்பர் பதினொண்ணு."

"அந்தக் கேஸ் முடிஞ்சது?"

"அக்டோபர் இருபத்தெட்டு."

மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணினார். பதினாலு நாள். "ஏழு வருஷம் தினக்கூலியா அலைஞ்சேன். திடீர்னு அண்ணனே கூப்பிட்டுக் கையில குடுத்தார். என் வேலையைப் பார்த்துக் குடுத்தார்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்" என்றார். துண்டை எடுத்தார். "போய்ச் சொல்லுங்க மாமா. இங்க இல்லன்னா எங்கேயாவது லாரி ஓட்டிக்கறேன்." சொல்லும்போது அவர் ரைட்டரைப் பார்க்கவில்லை, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் கிடங்குக்காரரின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் மரியாதையாக உட்கார்ந்தார்.

"உடம்பு எப்படி இருக்கு ரைட்டரே? மாப்பிள்ளைக்கு இப்ப எந்த ஷிப்டு?"

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "எந்த ஷிப்டுன்னு உங்களுக்குத் தெரியாமலா வந்தீங்க? டீ குடிக்கறீங்களா, இல்ல கிளம்பறீங்களா?"

அவர் கிளம்பினார். மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து, "சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன். போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

கூண்டில் அவர் ஒன்றரை மணி நேரம் நின்றார். அண்ணன் நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது, கண் பழைய கண்தான். ரைட்டரைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், துக்க வீட்டில் ஆட்டுவது போல. ரைட்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஆறு நாற்பதுக்கு அண்ணன் வரவில்லை, எட்டு பத்துக்குத்தான் வந்தார், பெயரைப் பிறகுதான் சேர்த்தேன், தொண்டை கட்டிய கதை என் சொந்தக் கற்பனை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அன்னிக்குச் சத்தியம் பண்ணினீங்க. இன்னிக்கும் பண்ணியிருக்கீங்க. எதுல பொய்?"

"அன்னிக்குச் சொன்னதுல."

"அப்ப நீங்க சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ற ஆளு."

"ஆமாங்க."

"இவ்வளவு லேசாச் சொல்றீங்க?"

"லேசா இல்லைங்க."

அவர் உட்கார்ந்ததும் அரசு வக்கீல் அம்மா மறுபடி எழுந்தார். குரலைத் தணித்து, கைகொடுத்துத் தூக்குவது போலக் கேட்டார். "அந்த ஓட்டுக் கணக்கை நீங்க திருத்தலை. என்னிக்காவது யாராவது கண்டுபிடிக்கட்டும்னு வேணும்னே விட்டு வெச்சீங்க. அப்படித்தானே?"

மூன்றாவது வரிசையில் கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. ரைட்டர் இந்தத் தடவை பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு வருஷமாக முகம் மழிக்கும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்து அவர் தமக்குச் சொல்லிக்கொண்டு வந்ததும் அந்த வார்த்தைதான். சொன்னால் நாளைக்கு அந்த மனுஷன் முன்னால் கொஞ்சமாவது நிமிர்ந்து நிற்கலாம்.

"இல்லைங்க" என்றார். "எழுதும்போது மறந்துட்டேன். மறுநாள் காலையில பார்த்தேன். ஏழை எட்டாக்க ஒரு நிமிஷம் போதும். ஆனா அங்க ஒரு அடித்தல் வந்துடும். என் நோட்டுல அடித்தல் வரக்கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன்."

நீதிமன்றத்தில் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் அம்மா ஒரு நிமிஷம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். மத்தியான இடைவேளை விட்டார்கள்.

கீழே தாழ்வாரத்து பெஞ்சில் கிரேன்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். ரைட்டர் போய் எதிரே நின்றார். என்ன சொல்வதென்று நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தார். 

ஆனால் கிரேன்காரர்தான் முதலில் பேசினார். "ஏழு, மூணு, ஒண்ணு. நீங்க படிக்கும்போதே நான் கூட்டிட்டேன் ரைட்டரே."

ரைட்டர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே எங்க வக்கீல்கிட்ட சொன்னேன். 'தலைமை வகிக்கறவர் ஓட்டுப் போட மாட்டார்யா, உட்காரு'ன்னுட்டார். பதினாலாம் விதி அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். நீங்க வேணும்னுதான் விட்டிருக்கீங்க, ஒருநாள் வந்து சொல்வீங்கன்னு நினைச்சேன். முதல் வருஷம் கடையில யார் நிழல் விழுந்தாலும் நீங்களோன்னு பார்ப்பேன்." அவர் மனைவியிடமிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அடித்தல் வந்துடும்னு விட்டீங்களாக்கும்."

"தப்புதான்" என்றார் ரைட்டர். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கறேன். எட்டு பத்துக்கு அவர் வந்தப்ப, என்னை என்ன பண்ணிட்டு வந்தார்னு உங்களுக்குத் தெரியுமா?"

கிரேன்காரரின் மனைவி கையில் பாத்திரத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்" என்றார் ரைட்டர். "கையெல்லாம் காஞ்ச ரத்தம். என் கண்ணு முன்னாலதான் கழுவினார். என் துண்டைக் கேட்டார், குடுத்தேன். யாருக்கோ அடி பட்டிருக்குன்னு புரிஞ்சுது. யாருன்னுகூடப் புரிஞ்சுது. அவர் போன அப்புறம் அந்தத் துண்டைத் துறைமுகக் கொதிகலன் அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்."

"இதை ஏன் மேல சொல்லலை?"

"கேக்கலை."

"நான் அங்க கிடந்தப்ப ஒன்பது மணி வரைக்கும் யாரும் வரலை" என்றார் கிரேன்காரர். கோபமாகச் சொல்லவில்லை. "அங்கேர்ந்து உங்க ஆபீஸ் இருநூறு கஜம். கேட்டாத்தான் சொல்வீங்களா ரைட்டரே?"

மனைவி அவர் கையில் பாத்திரத்தைக் கொடுத்தாள். "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள். ரைட்டரை அவள் அதற்கப்புறம் பார்க்கவில்லை. கிரேன்காரர் இடது கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியாமல், பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ரைட்டர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் படியேறினார். இரண்டு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். மேலே அரசு வக்கீல் அம்மா மேசை ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன ஐயா? எல்லாம் நல்லாவே சொன்னீங்க. வீட்டுக்குப் போங்க."

"ஒண்ணு விட்டுப்போச்சுங்க. நீங்க கேக்கலை. நானும் சொல்லலை."

நின்றபடியே இரண்டு வாக்கியத்தில் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. பொய் எழுதினதுக்கு உங்களுக்கு மன்னிப்பு வாங்கிக் குடுத்திருக்கேன். இது வேற. இது தடயத்தை அழிச்சது. அடிபட்டவர் கிடக்கறார்னு தெரிஞ்சும் சும்மா இருந்தது. உங்க மேலயே கேஸ் வரும். பென்ஷன் நின்னுடும். உள்ளயும் போகலாம். இதைச் சொல்லாட்டியும் என் கேஸ் நிக்கும். யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க."

"யோசிச்சா சொல்ல மாட்டேங்க" என்றார் ரைட்டர்.

அவர் சொன்னது எவ்வளவு நிஜம் என்று அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். மேற்கொண்டு தடுக்கவில்லை. வெள்ளைத் தாள் இரண்டையும் பேனாவையும் எடுத்து அவர் பக்கம் தள்ளினார். "சரி. உங்க கையாலயே எழுதிக் குடுத்துடுங்க."

ரைட்டர் தாளைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினார்.

"வேண்டாங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.